செல்லை உடைக்காமலே வெளியேறும் வைரஸ்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வந்த மஞ்சள் காமாலைக் கட்டுரையில், ஹெபடைடிஸ் வைரஸ்கள் கல்லீரல் செல்லை வெடிக்கச் செய்து வெளியே வருகின்றன என்று எழுதப்பட்டிருந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைத் திருத்துவது என் கடமை.

இந்த வைரஸ்கள் வெளியேறுவதற்காகச் செல்லை உடைப்பதில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸ், சவ்வை மடித்துச் சிறு பைகளாகக் கிள்ளியெடுக்கும் செல்லின் சொந்தப் புரதங்களையே வேலை வாங்கி, அந்தப் பைகளின் வழியே நழுவிவிடுகிறது. கல்லீரல் ரத்தத்துக்கு அனுப்பும் கொழுப்புத் துகள்களோடு ஒட்டிக்கொண்டு போவது சி வைரஸ். டி வைரஸோ பி வைரஸின் மேலுறையை, அதாவது வைரஸைப் போர்த்தியிருக்கும் வெளிச்சவ்வை, இரவல் வாங்கினால்தான் வெளியே வர முடியும்.

ஏ வைரஸுக்கு மேலுறையே கிடையாது என்றுதான் நாங்கள் படித்தோம். ரத்தத்தில் சுற்றும் ஏ வைரஸ், தான் குடியிருந்த செல்லின் சவ்வையே போர்த்திக்கொண்டு கிருமியைப் பிடிக்க உடல் உருவாக்கும் எதிர்ப்புரதங்களின் பிடியில் சிக்காமல் திரிகிறது என்பதை 2013இல்தான் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். குடலுக்குப் போகும் வழியில் பித்தநீர் அந்தப் போர்வையைக் கரைத்துவிடுவதால், மலத்தில் காணப்படுவது போர்வையற்ற, தண்ணீரில் நெடுநாள் தாக்குப்பிடிக்கும் வைரஸ். ஈ வைரஸின் கதையும் ஏறக்குறைய இதுவே.

இதைத் திருத்த வேண்டும் என்று நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. பி வைரஸ் பரிசோதனை அட்டையில், தொற்று இருப்பதைச் சொல்லும் இரண்டாவது சிவப்புக் கோடு தெரியும்போது, எதிரே நிற்பவர், "எனக்கு ஒண்ணுமே செய்யலையே சார், கண்ணுகூட மஞ்சளா இல்லையே" என்பார். அந்தக் கோடு காட்டுவது, முழு வைரஸ்களைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாகச் செல் வெளியே தள்ளும் வெற்று மேலுறைத் துகள்களை. செல் உடையாததால், கல்லீரல் செல் சேதமானால் ரத்தத்தில் கூடும் எஸ்ஜிபிடி என்ற நொதியின் அளவு இயல்பாகவே இருக்கக்கூடும். கல்லீரல் சேதம் பெரும்பாலும், நம் எதிர்ப்பு அணுக்கள் வைரஸ் புகுந்த செல்களைத் தாக்கும்போது நேர்வது. ஏ வைரஸ் தொற்றியவரின் மலத்தில் வைரஸ் மிகுந்திருப்பதும் காமாலை தெரிவதற்கு முந்தைய ஓரிரு வாரங்களில்தான்.

செல் வெடித்தால்தான் வைரஸ் வரும் என்று நம்பும் வாசகர், காமாலை இல்லாதவரிடம் வைரஸும் இல்லை என்றே முடிவு செய்வார். ஆகவே அடுத்த இதழில், கட்டுரை வெளியான அதே பக்கத்தில், இத்திருத்தத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர் ஒருவர்