பிறையை வட்டமாக்க

மண்டபம்

அன்புள்ள காதர்,

நாலு மாசமா பதில் போடலைன்னு நீ திட்டுறது இங்க வரைக்கும் கேக்குது. அம்மா நல்லா இருக்காங்க. வாத்தியார் மகள் கல்யாணம் நல்லபடியா முடிஞ்சது. மத்ததெல்லாம் நேர்ல.

உன் ஒளி இடுக்கியில, அதாவது லேசர் ஒளியால சின்னத் துகளைப் பிடிக்குற கருவியில, எடுத்து நீ அனுப்புன படத்தைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியல. உளுந்தவடை மாதிரி நடுவுல ஓட்டையோட வரவேண்டிய கற்றை உனக்குப் பெருநாள் பிறையா வந்திருக்கு. நீ லேசரைக் குறை சொல்லுற, தப்பு லேசர்ல இல்ல. ஒரு பக்கம் தடிச்சு மறுபக்கம் மெலிஞ்சா, எஸ்.எல்.எம். (கம்ப்யூட்டர் சொல்றபடி கற்றையோட வடிவத்தை மாத்துற திரை) மேல விழுற கற்றையோட நடுவும் அந்தத் திரையில போடுற ஹோலோகிராம் படத்தோட நடுவும் ஒண்ணு சேரலைன்னு அர்த்தம். கண்ணாடித் திருகைத் தொடாத. கம்ப்யூட்டர்லயே ஹோலோகிராமை ரெண்டு மூணு பிக்சலா நகர்த்து. கவர்ஸ்லிப்புல (மாதிரியை மூடுற மெல்லிய கண்ணாடித் தகடு) பட்டுத் திரும்புற ஒளியை ஃபோகஸுக்கு மேலயும் கீழயும் பாரு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி விரியணும். ஃபோகஸ்ல மட்டும் பார்த்துட்டு விட்டுட்டா ஏமாந்து போவ. அப்பவும் சாய்ஞ்சா, கற்றை அப்ஜெக்டிவ் (ஒளியைத் துகள் மேல குவிக்குற மைக்ராஸ்கோப் லென்ஸ்) பின்வாய்ல ஓரமா நுழையுதுன்னு அர்த்தம்.

சுழி எண், அதாவது கற்றையை ஒரு தடவை சுத்தி வர்றப்ப ஃபேஸ் (அலையோட கட்டம்) எத்தனை முழுச் சுத்து மாறுதுங்குற எண், 2 போட்டா ஓட்டை ரெண்டா பிரியுதுன்னு எழுதியிருந்த. எஸ்.எல்.எம். பேனல் தட்டையா இல்லாம ஆஸ்டிக்மாட்டிசம் (ரெண்டு திசையில வேற வேற இடத்துல ஒளி குவியுற கோளாறு) வந்தா அப்படித்தான் ஆகும். அதுக்கு எதிரான ஃபேஸை ஹோலோகிராமோட கூட்டிப் போடு, ரெண்டு ஓட்டையும் ஒண்ணாகுற வரைக்கும் அளவை மாத்து. ஓட்டைக்கு நடுவுல ஒரு பொட்டு வெளிச்சம் நிக்குதே, அது எஸ்.எல்.எம். மாத்தாம விட்ட ஒளி. ஹோலோகிராமோட கிரேட்டிங் (ஒளியைப் பக்கவாட்டுல திருப்புற கோட்டு வரிசை) சேர்த்து வளையத்தைத் தள்ளி வை, அப்ஜெக்டிவுக்கு முன்னாடி கற்றை குவியுற இடைப்பட்ட ஃபோகஸ்ல அந்தப் பொட்டை மட்டும் மறைச்சிரு. உன் லேசரோட அலைநீளமான 1064 நானோமீட்டருக்கு ஃபேஸ் ஒரு முழுச் சுத்து (2π) வருதான்னும் சரிபாரு. வேற அலைநீளத்துக்கான ஃபேஸ் அட்டவணையை அப்படியே போட்டா பொட்டு இன்னும் பளிச்சுன்னு எரியும்.

வளையம் வந்ததும் எல்லாத்தையும் அதுலயே பிடிக்கலாம்னு கிளம்பிராத. வளையத்தைவிடச் சின்ன பாலிஸ்டைரீன் மணி ஓட்டையில உக்காராது, வெளிச்சமான விளிம்பைப் பிடிச்சுச் சுத்தி ஓடும். ஒளியை உறிஞ்சுற கருந்துகள்தான் நடுவுல அடங்கும். அதுவும் முன்பக்கமாத் தள்ளப்படும், அதனால கண்ணாடித் தகட்டுக்கு எதிரா வெச்சுத்தான் பிடிக்கணும். பிடியோட விறைப்பை, அதாவது துகளை எவ்வளவு இறுக்கமாப் பிடிக்குதுன்னு, அளக்குறதுக்குச் சாதாரண ஒத்தைப் புள்ளியே போதும். மணியோட ஆட்டம் 20 நானோமீட்டர் இருந்தா, அறை வெப்பத்தோட ஆற்றலான (kT) 4.2 பைகோநியூட்டன்-நானோமீட்டரை, 20ஓட வர்க்கமான 400ஆல வகு. மைக்ரானுக்குச் சுமார் 10 பைகோநியூட்டன் வரும்.

பாக் நீரிணைத் தண்ணியை அப்படியே ஊத்துனா மணிங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். உப்பு அதுங்களோட மின் விலக்கத்தை மறைச்சிருது. அளக்குறப்ப காய்ச்சி வடிச்ச தண்ணி, பாசி வேணும்னாத்தான் கடல் தண்ணி. கவர்ஸ்லிப்பு ஓரத்தை நகப்பூச்சால அடை. அடைக்கலைன்னா தண்ணி காயக் காய ஓட்டம் கிளம்பி, பிடிச்ச துகளை இழுத்துட்டுப் போயிரும். எண்ணெய் அப்ஜெக்டிவ்னா கண்ணாடியிலேருந்து 10 மைக்ரானுக்குள்ள வேலையை முடி. அதுக்கும் ஆழம் போகணும்னா தண்ணி அப்ஜெக்டிவ் வாங்கு. பாசி உயிரோட இருக்கணும்னா அகச்சிவப்பு லேசரையே வெச்சுக்க, வேறதுக்கு மாறாத. 1987ல, ஒளி இடுக்கியைக் கண்டுபிடிச்ச ஆஷ்கின் பச்சை லேசர்ல பாக்டீரியாவைப் பிடிச்சப்ப அது செத்துப் போச்சு. 1064க்கு மாறுன பிறகு, பிடியில இருந்தபடியே ஈஸ்ட் பெருகுச்சு.

இங்க கச்சான் அடிக்குது. உப்பு கண்ணாடி மேல படிஞ்சு புள்ளிப் புள்ளியா நிக்கும். அதைக் காஞ்ச தாள்ல துடைச்சா உப்புக் கல்லே கண்ணாடியைக் கீறிரும். லென்ஸ் தாளைக் காய்ச்சி வடிச்ச தண்ணியில நனைச்சு, அழுத்தாம ஒரே இழுப்பா இழு. அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல இன்னொரு இழுப்பு. ஒரு தாள் ஒரு தடவைக்குத்தான். ஏ.சி.யை நிறுத்துன கையோட கதவைத் திறந்து வைக்காத, குளிர்ந்த கண்ணாடியில ஈரம் வேர்த்திரும்.

காதர், இன்னொண்ணு, இதை மட்டும் தயவுசெஞ்சு கேளு. படத்துல உன் கையில கடிகாரம் தெரியுது, கற்றை அதுல பட்டுக் கண்ணுக்குத் தெறிக்கும். 1064 கண்ணுக்குத் தெரியாது. பட்டாலும் இமை மூடாது, வலிக்காது, விழித்திரை போயிரும். கடிகாரம், மோதிரம் எல்லாத்தையும் கழட்டி வெச்சுட்டு, 1064க்குன்னு போட்டிருக்குற பாதுகாப்புக் கண்ணாடியைக் கண்ணுல மாட்டிக்கிட்டு உள்ள போ. உன் மாணவப் பசங்களுக்கும் ஆளுக்கொண்ணு இருக்கணும். கண்ணாடி வர்ற வரைக்கும் கற்றையைத் திறக்காத.

ஃபோகஸுக்கு மேலயும் கீழயும் எடுத்த ரெண்டு படத்தையும் அடுத்த கடிதத்தோட அனுப்பு. எவ்வளவு பிக்சல் நகர்த்துனேன்னும் எழுது.

அன்புடன்,
முருகேசு