கடற்கரைச் சுற்றுலாப் பெட்டியில் வினிகர் வேண்டும்
பீடோங் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் வணக்கம்.

பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகளை லங்காவிக்கோ பினாங்குக்கோ கூட்டிப் போகிறோம். முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்டரும் மஞ்சள் மருந்தும் இருக்கும். வினிகர் பெரும்பாலும் இருக்காது. இந்த ஆண்டு முதல் அதையும் சேர்த்துவிடுங்கள். அந்த இரண்டு கடல்களிலும் பெட்டிச் சொறிமீன் (ஜெல்லிமீன், மலாய்க்காரர்கள் ஓபோர்-ஓபோர் என்பதில் கொடிய நஞ்சுள்ள ஒரு வகை) உண்டு. 2010இல் லங்காவியில் சுற்றுப்பயணி ஒருவர் சொறிமீன் கொட்டி இறந்தார்.

சொறிமீனின் இழை நெடுகக் கொட்டும் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லிலும் ஒரு நுண்ணிய உறை, அதற்குள் சுருண்டு கிடக்கும் நஞ்சுக் குழல். உறைக்குள் அழுத்தம் 150 பார் வரை போகும். கார் டயரில் 2 பார் சொச்சம்தான். தோல் உரசியதும் குழல் உள்புறம் வெளிப்புறமாகப் புரண்டு பாய்கிறது. சொறிமீனுக்கு உறவான நன்னீர் ஹைட்ராவில் அளந்தபோது, குத்தும் கட்டம் 700 நானோ விநாடியில் முடிந்தது. மூளையின் கட்டளை எதுவும் தேவையில்லை என்பதால், கரையில் செத்துக் கிடப்பதும் கொட்டும், அறுந்த இழையும் கொட்டும்.

பிள்ளையின் காலில் ஒட்டிய இழையில் இன்னும் வெடிக்காத உறைகள் ஏராளம். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் அவையும் வெடிக்கும். மணல் போட்டுத் தேய்த்தாலும், துண்டால் துடைத்தாலும், இறுக்கிக் கட்டினாலும் அதே கேடுதான். சிறுநீர் வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

பிள்ளையைக் கரைக்குத் தூக்கி வந்து அசையாமல் உட்கார வையுங்கள். ஒருவர் உடனே 999க்கு அழைக்கட்டும். இன்னொருவர் கொட்டிய இடம் முழுக்கக் குறைந்தது 30 விநாடி வினிகர் ஊற்றட்டும். பிறகு இடுக்கியால் இழைகளை எடுக்கலாம். வினிகர் வெடிக்காத உறைகளை மட்டுமே செயலிழக்கச் செய்யும். உள்ளே போன நஞ்சை முறிக்காது, வலியையும் குறைக்காது. மூச்சு நின்றால் வினிகரைத் தேடிக்கொண்டிருக்காமல் முதலில் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கத் தொடங்குங்கள். கடுமையாகக் கொட்டுப்பட்டவருக்குச் சில நிமிடங்களிலேயே இதயம் நின்றுவிடலாம். சில சிறு வகைகள் கொட்டினால் முதலில் ஒன்றும் தெரியாது. அரை மணி நேரம் கழித்து முதுகுவலி, வியர்வை, வாந்தி வரும். ஆகவே லேசாகக் கொட்டுப்பட்ட பிள்ளையையும் மறுபடி தண்ணீரில் இறக்காதீர்கள், கண்காணிப்பிலேயே வைத்திருங்கள்.

நீல நிறக் காற்றுப்பையோடு மிதந்து வருவது வேறு உயிரி. அதற்கு வினிகர் சரியா என்பதில் வல்லுநர்களிடையே ஒத்த கருத்து இல்லை. கடல்நீரால் கழுவி, இழையை எடுத்துவிட்டு, 45 டிகிரிக்கு மேற்படாத சுடுநீரில் 20 நிமிடம் வைக்கலாம்.

வினிகரை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லாதீர்கள். ரப்பர் மரம் சீவும் வீடுகளில் பால் உறைய வைக்கும் 'சூக்கா கெத்தா'வும் புட்டியில்தான் இருக்கும். அது ஃபார்மிக் அமிலம், பிள்ளையின் தோலை வெந்துபோகச் செய்துவிடும். கடையில் சமையல் வினிகராகக் கேட்டு, 4 முதல் 6 விழுக்காடு அசெட்டிக் அமிலம் என்று லேபிளில் பார்த்து வாங்குங்கள். பேருந்துக்கு 4 லிட்டராவது வேண்டும். ஊற்றத் தொடங்கினால் ஒரு புட்டி சட்டென்று தீர்ந்துவிடும். கால்வரை மூடும் நீச்சலுடையோ ஒட்டிய டிராக் சூட்டோ போட்டால் பெரும்பாலான கொட்டுகளைத் தடுக்கலாம்.

லங்காவிக்குத் தெற்கே உள்ள புலாவ் பாயார் பவளத் தீவுக்குப் போகிறவர்கள் பவளத்தின் மேல் நிற்கக் கூடாது. பவளமும் சொறிமீன் குடும்பந்தான். பாறை போலத் தெரிவதன் மேற்பரப்பில் மெல்லிய உயிருள்ள தோல் போர்த்தியிருக்கிறது, மிதித்தால் கிழிந்துவிடும். பருத்து வளரும் பவளம்கூட ஆண்டுக்கு ஏறக்குறைய 1 செ.மீ.தான் வளர்கிறது.

அடுத்த சுற்றுலாவுக்கான அனுமதிக் கடிதத்தோடு இந்த முதலுதவி முறையையும் அச்சிட்டுப் பெற்றோருக்கு அனுப்புங்கள். வினிகர்ப் பையைச் சுமக்கும் பொறுப்பை ஓர் ஆசிரியரின் பெயரோடு குறிப்பிடுங்கள். அவர் அதைப் பேருந்தில் விட்டுவிடாமல் தண்ணீர் ஓரத்தில் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.

அன்புடன்,
வட்டார அறிவியல் ஆசிரியர்களும் முதலுதவிப் பயிற்றுநர்களும்