சவுண்ட் கார்ட் ஷேர் வாங்குறவங்க கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ப்ராசசர் வேகம் கூடுனா சவுண்ட் ஹார்டுவேர் கம்பெனி ஷேரும் ஏறும்னு நம்பி பணம் போடுறவங்க தயவுசெஞ்சு சவுண்ட் கார்டு செய்யுற சிங்கப்பூர் கிரியேட்டிவ் கம்பெனிய பாருங்க. 1989ல அவங்களோட சவுண்ட் பிளாஸ்டர், அதாவது நல்ல சத்தம் வர கம்ப்யூட்டர்ல தனியா சொருகுற கார்டு, வந்தப்ப கம்ப்யூட்டருக்குள்ள இருந்தது பீப் சத்தம் போடுற ஸ்பீக்கர்தான், அதனால கார்டுக்கு அப்படி ஒரு மவுசு, 1992ல அமெரிக்காவோட நாஸ்டாக் பங்குச் சந்தை வரைக்கும் போனாங்க. 1997ல இன்டெல் ஏசி97ங்கிற சவுண்ட் முறைய கொண்டுவந்துச்சு, டிஜிட்டல் தகவல சத்தமா மாத்துற கோடெக் சிப் ஒண்ணு மதர்போர்டுல சின்னதா இருந்தா போதும், பல சத்தங்கள ஒண்ணா கலக்குற மிக்ஸிங்க ப்ராசசரே பாத்துக்கும்னு ஆயிருச்சு, அப்புறம் யாரு காசு குடுத்து தனி கார்டு வாங்குவா? 2007ல வந்த விண்டோஸ் விஸ்டாவுலயும், டைரக்ட்சவுண்டுங்கிற விண்டோஸ் சவுண்ட் வசதிக்கு இருந்த ஹார்டுவேர் ஆக்சிலரேஷன, அதாவது சத்த வேலைய கார்டே செய்யுற வசதிய, எடுத்துட்டாங்க, அதே வருஷம் கிரியேட்டிவ் நாஸ்டாக்ல இருந்து தானாவே விலகிருச்சு. ஸ்பீக்கர், மைக்கெல்லாம் வேற கணக்கு, அத எந்த ப்ராசசராலயும் முழுங்க முடியாது. உங்க வணிகப் பக்கத்துல டெக் ஷேர் பத்தி எழுதுறப்ப இதையும் சேத்து எழுதுங்க சார், ஓய்வுப் பணத்த போடுறவங்களும் படிக்கிறாங்க.