சாய்தளத்துக்கு 18 அடி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊரில் புறநோயாளிகள் பிரிவுக்கென மருத்துவமனைக் கட்டடம் ஒன்று புதிதாக எழும்பி வருகிறது. தூண்கள் எழுந்து, முதல் தளத்துக்குக் கூரையும் போட்டாயிற்று. முகப்பில் படிக்கட்டும் சாய்தளமும் வரவேண்டிய இடத்தில் இப்போதைக்கு எம்-சாண்டும் ஜல்லியும் குவிந்து கிடக்கின்றன. கட்டடப் பொறியாளராக 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும், பக்கவாதத்தால் இடப்பக்கம் செயலிழந்த என் 81 வயதுத் தாயாரை இரண்டு ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வருபவன் என்ற முறையிலும், அந்த ஜல்லிக் குவியலைக் கடக்கும்போதெல்லாம் எனக்குள் எழும் கவலையைத் தங்கள் நாளிதழ் வழியாக உரியவர்களிடம் சேர்க்க விரும்புகிறேன்.

நாங்கள் மாதந்தோறும் செல்லும் மருத்துவமனையின் வாசலில் மூன்று படிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் அரை அடி. ஆக மொத்தம் ஒன்றரை அடி உயரம். படிகளுக்குப் பக்கத்தில் சாய்தளமும் இருக்கிறது. ஒருநாள் அம்மாவை மரத்தடியில் விட்டுவிட்டு, அதை டேப்பால் அளந்து பார்த்தேன். நீளம் சரியாக 6 அடி. நான்கு அடிக்கு ஓர் அடி ஏறும் அந்தச் சரிவில் பளபளக்கும் கிரானைட் பதித்திருக்கிறார்கள். ஏறும்போது பின்னாலிருந்து நான் தள்ள, முன்னாலிருந்து காவலாளி இழுக்க வேண்டும். இறங்கும்போது நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கி வரவேண்டும். மழை பெய்துவிட்டால் அந்தச் சாய்தளத்தின் பக்கம் யாரும் போவதில்லை. நான்கு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கிவிடுகிறார்கள். தூக்குகிறவர்கள் அன்போடுதான் தூக்குகிறார்கள். ஆனால் அந்த அரை நிமிடமும் அம்மா கண்களை இறுக மூடிக்கொண்டு, வலக்கையால் என் சட்டையைப் பற்றியிருப்பார். சாய்தளம் 12 அடி நீளத்துக்கு ஓர் அடி உயரத்துக்கு மேல் ஏறக்கூடாது என்பது மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளில் உள்ள அளவு. அதன்படி ஒன்றரை அடி உயரத்துக்கு 18 அடி நீளம் வேண்டும். அங்கே இருப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு.

வாசலைத் தாண்டினால் கழிப்பறை. சக்கர நாற்காலிப் படம் ஒட்டிய கதவு ஒன்று உண்டு. அது எப்போதும் பூட்டியே இருக்கும். ஒருமுறை சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, கால் மணி நேரம் அலைந்து திறக்கச் செய்தேன். உள்ளே துடைப்பங்களும் பினாயில் கேன்களும் உடைந்த ஸ்ட்ரெச்சர் ஒன்றும் கிடந்தன. மற்றக் கழிப்பறைகளின் கதவுகள் இரண்டடி அகலம். நாற்காலியோ அதைவிட இரண்டு அங்குலம் அதிகம். அம்மா இதற்குத் தாமே ஒரு வழி கண்டுகொண்டார். மருத்துவமனைக்குப் போகும் நாளுக்கு முந்தைய இரவே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார். ‘அங்கே போன இடத்தில் சிறுநீர் வந்துவிட்டால் என்னப்பா செய்வது?’ என்கிறார். அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருவதால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று மருத்துவர் ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புகிறார். அவர் சொல்வதைக் கேட்கத்தான் நாங்கள் போகிறோம். அதைக் கேட்க முடியாமல் செய்வது அவர் உட்கார்ந்திருக்கும் கட்டடமே.

சட்டம் இல்லாததால் வந்த நிலை அல்ல இது. மாற்றுத்திறனாளிகளுக்கென 1995-இல் ஒரு சட்டம் வந்தது. அதனினும் விரிவான மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் நிறைவேறியது. மாற்றுத்திறனாளிகள் தடையின்றிச் சென்றுவர வகைசெய்யும் அணுகல் விதிகளுக்கு இணங்காத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி தரக்கூடாது, இணங்காமல் கட்டிய கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழ் தரவோ அதில் குடிபுக விடவோ கூடாது என்று அதன் 44-ஆவது பிரிவு சொல்கிறது. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை ஐந்து ஆண்டுகளுக்குள் திருத்தியமைக்க வேண்டும் என்கிறது அடுத்த பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. எனவே அந்தக் கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. 2005-இல் தொடரப்பட்ட ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று அளித்த தீர்ப்பு இன்னும் முக்கியமானது. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைகளாக வைத்திருந்த விதியைச் சட்டத்துக்கே முரணானது என்று நீதிமன்றம் அறிவித்தது. எவரும் மீறக்கூடாத கட்டாய அளவுகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. முடிந்தால் செய்யலாம் என்ற நிலையிலிருந்து செய்தே தீரவேண்டும் என்ற நிலைக்குச் சட்டம் வந்திருக்கிறது.

அப்படியிருந்தும் 6 அடிச் சாய்தளங்கள் எப்படி முளைக்கின்றன? பணியில் இருந்த காலத்தில் நான் கண்டதை மட்டும் சொல்கிறேன். வரைபடத்தில் சாய்தளம் ஓர் அம்புக்குறியாக இருக்கும். சாலை மட்டம் ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போவதாலும், மழைநீர் உள்ளே புகுந்துவிடக் கூடாது என்பதாலும், வேலை நடக்கும்போதே கட்டடத்தின் தளமட்டத்தை உயர்த்துவார்கள். அது சரியான காரியம்தான். ஆனால் உயர்த்தும் ஒவ்வோர் அடிக்கும் சாய்தளம் இன்னும் 12 அடி நீளவேண்டும் என்பதை யாரும் திரும்பக் கணக்கிடுவதில்லை. ஜெனரேட்டருக்கும் வாகன நிறுத்தத்துக்கும் இடம் ஒதுக்கிய பிறகு மிஞ்சிய மூலையில்தான் சாய்தளம் வந்து சேரும். திறப்பு விழாத் தேதி குறித்துவிட்டால், கடைசி வாரத்தில், ‘இங்கே ஒரு சரிவு போட்டுவிடு’ என்று கொத்தனாரிடம் சொல்வார்கள். அப்படிச் சொன்னவர்களுள் நானும் ஒருவன். அம்மாவின் நாற்காலியைத் தள்ளும் நாள் வரும்வரை, நான் சொன்ன சொல்லின் பொருள் எனக்கு விளங்கவில்லை. அதை மிகுந்த வருத்தத்தோடு இங்கே பதிவு செய்கிறேன்.

சாய்தளமும் கழிப்பறையும் குறைந்தபட்சத் தேவைகள். அதற்கு மேலும் ஒரு கட்டடத்தால் நோயாளியைத் தேற்ற முடியும் என்பதை இந்த மண்ணில் அறிந்திருந்தார்கள். 1928-இல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் காசநோயாளிகளுக்கான சானடோரியத்தைத் தொடங்கியபோது, அந்நோயைக் குணப்படுத்தும் மருந்து உலகில் எங்குமே இல்லை. காற்று, வெளிச்சம், ஓய்வு, நல்ல உணவு ஆகியவையே சிகிச்சை என்பதால், இடத்தைத் தேர்ந்தெடுப்பதே மருத்துவத்தின் முதல் படியாக இருந்தது. அங்குள்ள ரயில் நிலையத்தை இன்றைக்கும் சானடோரியம் என்றுதான் அழைக்கிறோம். ஐந்து ஆண்டுகள் கழித்து, பின்லாந்தின் பைமியோவில் கட்டடக் கலைஞர் ஆல்வர் ஆல்ட்டோ கட்டி முடித்த காசநோய் மருத்துவமனையை, ஒரு பொறியாளனாக நான் எப்போதும் வியப்போடு நினைத்துக்கொள்வேன். நோயாளி நாள் முழுவதும் படுத்திருப்பவர் என்பதால், அவர் கண் ஓயாமல் பார்க்கும் உட்கூரைக்கு உறுத்தாத பச்சை வண்ணம் பூசினார். விளக்கைப் படுத்திருப்பவரின் கண்ணில் படாத இடத்தில் வைத்தார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் உறக்கம் கலையக் கூடாது என்பதற்காக, தண்ணீர் ஓசையின்றி விழும்படி வாஷ்பேசினின் சரிவையே மாற்றி வடிவமைத்தார். நம் வார்டுகளில் மல்லாந்து படுத்திருப்பவரின் கண்ணுக்கு நேர் மேலே இரவெல்லாம் எரியும் டியூப் லைட்டை எத்தனை பேர் கவனித்திருப்போம்?

பிறகு மருந்துகள் வந்தன. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை (மருந்துச் சிகிச்சை) மையத்தின் ஆய்வு முடிவுகள் 1959-இல் வெளியாயின. நெரிசலான வீட்டிலேயே தங்கி மருந்து உட்கொண்டவர்களும், சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு ஏறத்தாழ இணையாகக் குணமடைகிறார்கள் என்று அவை காட்டின. குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில் படுத்திருக்க வழியில்லாத ஏழைகளுக்கு அது பெரும் விடுதலை. ஆனால் கிருமியை ஒழிக்க மருந்தே போதும் என்று தெரிந்ததும், மருத்துவமனைக்குக் காற்றும் வெளிச்சமுமே வேண்டாம் என்பதுபோல் நாம் கட்டத் தொடங்கிவிட்டோம். பெரு நாட்டின் லிமா நகரில் 8 மருத்துவமனைகளின் காற்றோட்டத்தை அளந்த ஆய்வொன்று 2007-இல் வெளியானது. 1950-க்கு முன் கட்டப்பட்ட, உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் உள்ள அறைகளில், சன்னல்களைத் திறந்து வைத்தபோது, பிற்காலக் கட்டடங்களைவிடக் காற்று வேகமாக மாறியது. காற்றில் பரவும் தொற்றின் ஆபத்தும் அதற்கேற்பக் குறைவாக இருந்தது. கொரோனா காலத்தைக் கடந்து வந்த பிறகும், கண்ணாடி முகப்பும் தாழ்ந்த ஃபால்ஸ் சீலிங்கும் கொண்ட கூடங்களில், இருமுகிறவர்களையும் கைக்குழந்தைகளையும் அருகருகே மணிக்கணக்கில் உட்கார வைப்பது எனக்கு அச்சத்தைத் தருகிறது.

மனத்தின் ஆறுதலை அளந்து காட்ட முடியுமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் ஒரு மருத்துவமனையில், பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் ஆராய்ந்து, 1984-இல் வெளியிட்டார். வயது முதலிய கூறுகளில் ஒத்தவர்களை 23 இணைகளாகப் பிரித்துக்கொண்டார். ஒருவரின் சன்னலுக்கு வெளியே மரங்கள். மற்றவரின் சன்னலுக்கு வெளியே செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள். சுவரைப் பார்த்தவர்களுக்கு 8.70 நாள் ஆயிற்று. கடுமையான வலிநிவாரணிகளையும் முன்னவர்கள் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். ஒரே மருத்துவமனையில் 46 பேரை மட்டும் வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட முடியாதுதான். ஆனாலும் எங்கள் மருத்துவமனையில் அம்மாவின் முகம் தெளியும் ஒரே இடம் வெளியே நிற்கும் வேப்பமரத்தடி என்பதை நான் மாதந்தோறும் பார்க்கிறேன். கையில் ஓ.பி. சீட்டோடு பக்கத்தில் வந்து அமரும் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துவிடுவார். எந்த ஊர், என்ன உடம்புக்கு என்று தொடங்கி, பேரப்பிள்ளைகள் வரைக்கும் போகும். எங்கள் ஊர்ப் புதிய கட்டடத்தின் முகப்பில் இரண்டு புங்க மரங்கள் இன்னும் வெட்டப்படாமல் நிற்கின்றன. அவற்றின் தூரை ஒட்டிப் பேவர் பிளாக் பதித்து வேரை மூச்சுமுட்டச் செய்யாமல், சுற்றிலும் கைப்பிடியும் சாய்மானமும் உள்ள பெஞ்சுகளைப் போட்டால், நோயாளிக்குத் துணையாக வந்து நடைபாதையில் துண்டு விரித்துப் படுத்துக் கிடப்பவர்களுக்கும் அது நிழலாகும்.

மருத்துவமனையின் எல்லை அதன் மதில்சுவரோடு முடிந்துவிடுவதில்லை. பேருந்திலிருந்து இறங்கும் இடத்திலேயே அது தொடங்குகிறது. சென்னையில் 2024 முதல் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன. ஆனால் பேருந்து நடைமேடையை ஒட்டி நிற்காமல் நடுச்சாலையில் நின்றால், தளம் எவ்வளவு தாழ்ந்திருந்தாலும் பயனில்லை. நடைமேடையில் மின்பகிர்வுப் பெட்டியும் இருசக்கர வாகனங்களும் நின்றால், காலால் தடவி வழியறிய அதில் பதித்த தொடுணர் ஓடுகள் பார்வையற்றவரை அந்தப் பெட்டியிலேயே கொண்டுபோய் முட்டவைக்கும். நல்லது நடந்த இடத்தையும் சொல்லவேண்டும். சென்னை மெரினாவில் 2022 நவம்பரில், சுமார் 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட மரப்பாதை திறக்கப்பட்டது. மணலைத் தாண்ட முடியாமல் சாலையிலிருந்தே கடலைப் பார்த்துத் திரும்பியவர்கள், நாற்காலியோடு அலையின் அருகே போனார்கள். இரண்டு வாரத்திலேயே மாண்டஸ் புயலில் அதன் ஒரு பகுதி சேதமடைந்து, பின்னர் சீரமைக்கப்பட்டது. பணம் வீணாயிற்று என்று அப்போது பேசியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. புயலில் சாலை அரித்துப் போனால் சாலையே வேண்டாம் என்றா முடிவெடுக்கிறோம்?

என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். எந்த மருத்துவமனைக் கட்டடத்துக்கும் நிறைவுச் சான்றிதழில் கையெழுத்திடும் முன், சக்கர நாற்காலியில் செல்லும் ஒருவர், பார்வையற்ற ஒருவர், கைத்தடியோடு நடக்கும் முதியவர் ஒருவர் ஆகிய மூவரும், பேருந்து நிறுத்தத்தில் தொடங்கி, சீட்டு வாங்கும் இடம், மருத்துவர் அறை, கழிப்பறை, மருந்தகம் வழியாக, பிறர் துணையின்றி ஒருமுறை போய்வர வேண்டும். எங்கே தடைபட்டு நிற்கிறார்களோ, அங்கே திருத்திய பிறகே கையெழுத்து விழ வேண்டும். 44-ஆவது பிரிவு தந்திருக்கும் அதிகாரமே இதற்குப் போதும். 1954-இல் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டும், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். அவருடைய தலைமையில்தான் வேலூரில் 1966-இல் மறுவாழ்வு மருத்துவ மையம் தொடங்கியது. நாற்காலியில் இருப்பவரின் பார்வையிலிருந்து மருத்துவமனையைப் பார்ப்பது தமிழ்நாட்டுக்கு இன்று புதிதாகக் கற்றுத்தர வேண்டிய ஒன்றல்ல.

எங்கள் ஊர்க் கட்டடத்தின் முகப்பில் இன்னும் கான்கிரீட் போடவில்லை. தளமட்டம் இரண்டடி என்று தெரிகிறது. அப்படியானால் சாய்தளத்துக்கு 24 அடி நீளம் வேண்டும். புங்க மரங்களை விட்டுவிட்டு, கிழக்குப் பக்கமாகத் திருப்பினால் அதற்கு இடம் இருக்கிறது. சாலையில் நின்றே கண்ணால் அளந்து பார்த்துவிட்டேன். பொறுப்பில் உள்ளவர்கள் அழைத்தால், டேப்பை எடுத்துக்கொண்டு எந்த நாளிலும் வரத் தயாராக இருக்கிறேன். முதல் ஆளாக ஏறிப் பார்க்கத் தாமும் வருவதாக அம்மா சொல்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்