என் மகளுக்குப் படம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

இந்த நன்றியை ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து நேரில் சொல்வதுதான் முறை. ஆனால் சிலருடைய வீடு எனக்குத் தெரியாது, ஒருசிலரின் பெயரே தெரியாது. அதனால் என் மகளுக்குக் காமிக்ஸ் படிக்கும் குழுவைக் காட்டியவர்களுக்கும் அந்தக் குழுவில் இருப்பவர்களுக்கும் சேர்த்து இந்த மடல்.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். வீடு ஆல்பேட்டையில். என் மகள் இப்போது எட்டாம் வகுப்பு. அவள் ஆறாவது படித்தபோது ஒருநாள் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வரி தாவிவிடும். நீளமான சொல் வந்தால் எழுத்துகள் இடம் மாறிவிடும். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து புத்தகத்தைத் திறந்தாலே வயிறு வலிக்கிறது என்பாள்.

ஆனால் கையில் பென்சில் கிடைத்தால் போதும். கடையிலிருந்து நான் கொண்டுவரும் மருந்து அட்டைப்பெட்டிகளைப் பிரித்து உள்பக்கம் முழுவதும் வரைந்து வைத்துவிடுவாள். ஒருநாள் பார்த்தால், அட்டையைக் கோடு போட்டு ஆறு கட்டமாகப் பிரித்து, ஒரு பூனை மீன்கூடைக்குள் குதிப்பதை ஆறு படமாக வரைந்திருந்தாள். எனக்கு உடனே ராணி காமிக்ஸ் ஞாபகம் வந்தது. எங்கள் தெரு சலூன் பெஞ்சில் முன்னட்டை கிழிந்து, எண்ணெய் ஏறிக் கிடக்கும். அதைப் படிப்பதற்காகவே எனக்குப் பின்னால் வந்தவர்களை முன்னால் முடிவெட்ட விட்டிருக்கிறேன். தமிழை எனக்கு வேகமாகப் படிக்கப் பழக்கியது அந்தப் பெஞ்சுதான். மகளுக்கும் அப்படி ஒன்றை வாங்கிக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது.

தேடினால் எங்கேயும் இல்லை. ராணி காமிக்ஸ் 2005-லேயே நின்றுவிட்டது. பஸ் ஸ்டாண்ட் கடைகளில் கேட்டால் ஜோதிட மாத இதழை எடுத்து நீட்டினார்கள். பள்ளியில் கேட்டதற்கு, "பொம்மைப் புத்தகம் குடுத்துப் பழக்காதீங்க சார், அப்புறம் பாடப் புத்தகத்தையே தொடமாட்டா" என்று பதில் வந்தது. அன்று வீடு திரும்பும்போது எனக்கு ரொம்பவே மனசு உடைந்திருந்தது.

முதல் நன்றி கூரியர் தம்பிக்கு. எங்கள் கடைக்கு மருந்துப் பார்சல் கொண்டுவரும்போது என் புலம்பலைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "அண்ணே, மஞ்சக்குப்பத்துல ஒரு வீட்டுக்கு மாசா மாசம் சிவகாசியிலிருந்து பார்சல் வருது. பட்டாசுன்னு நெனச்சேன், காமிக்ஸாம்" என்றார். சட்டென்று விலாசத்தைச் சொல்லிவிடவில்லை. அந்த வீட்டில் போய்க் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகுதான் என் கடைப் பெயரைக் கொடுத்திருக்கிறார். மறுநாள் மாலை மஞ்சக்குப்பம் சார் தாமே கடைக்கு வந்து நின்றார். கையில் தினசரி காலண்டரிலிருந்து கிழித்த ஒரு தாள்.

அந்தத் தாளை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன் சார். உங்களுக்கு இதுவரை சொன்னதில்லை.

முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் இன்னும் சிவகாசியிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கின்றன, சந்தா கட்டினால் வீட்டுக்கே அனுப்புவார்கள் என்று அதில் முதல் வரியிலேயே எழுதியிருந்தீர்கள். பழைய இதழ்களுக்குப் புதுச்சேரி மகாத்மா காந்தி சாலை சண்டே மார்க்கெட். ஜூலை மாதத்தில் நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி. காசு செலவழிக்காமல் பார்க்கப் புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகம். அது 1827-ல் தொடங்கியது என்பதைக்கூடச் சின்ன எழுத்தில் ஓரமாக எழுதியிருந்தீர்கள். பிரெஞ்சுக்காரர்களின் பெரிய அளவு ஆல்பங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டுமானால் அலையன்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையம். கடைசியில் அடிக்கோடிட்டு ஒரு வரி: "கடையைவிட முக்கியம், சேர்ந்து படிக்க ஆள். இரண்டாம் ஞாயிறு, மாலை 4 மணி, பாரதி பூங்கா, ஆயி மண்டபம் பக்கம். பாப்பாவை அழைத்து வரவும்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே காலையில் மகளோடு பஸ் ஏறினேன். எல்லாம் சேர்த்து 22 கிலோமீட்டர்தான் இருக்கும், ஆனால் அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் "வந்துடுச்சாப்பா" என்று நாலைந்து தடவை கேட்டுவிட்டாள். சண்டே மார்க்கெட்டில் செருப்புக் கடைக்கும் சட்டைக் குவியலுக்கும் நடுவே தார்ப்பாய் விரித்துப் பழைய புத்தகம் போட்டிருந்த அண்ணனுக்கு அடுத்த நன்றி. வாங்கத் தெரியாத ஆளிடம் எதை வேண்டுமானாலும் தள்ளிவிட்டிருக்கலாம். நான் எடுத்த நான்கையும் அவரே திரும்ப வாங்கி, நடுப்பக்கத்தைத் திறந்து காட்டினார். பழைய காமிக்ஸில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்தால் முதலில் கழன்று போவது நடுத்தாள்தான், அதாவது கதையின் மத்தியில் நான்கு பக்கம் காணாமல் போகும். "இது ரெண்டுலயும் நடு இல்லைங்க. பாப்பா படிக்கிறப்போ குழம்பிடும், வேணாம்" என்று எடுத்து ஓரம் வைத்தார். என் மகளுடைய சங்கடம் அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. யாருக்கும் அப்படித்தான் விற்பார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்று வாங்கியதில் ஒன்று லக்கி லூக் என்ற கௌபாயின் கதை. தன் நிழலைவிட வேகமாகச் சுடுகிறவனைவிட, அவனுடைய குதிரை ஜாலி ஜம்பரைத்தான் அவளுக்கு இன்றுவரை பிடிக்கும்.

பூங்காவில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் அவளை மாற்றியது.

நான் ஏதோ ஆளாளுக்குப் படித்த கதையைச் சொல்வார்கள் என்று நினைத்து வந்தேன். நீங்கள் ஒன்பது பேர் வட்டமாக உட்கார்ந்து, ஒரே ஒரு பக்கத்தின் ஜெராக்ஸை ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டீர்கள். லாஸ்பேட்டை அக்கா, "ரெண்டு நிமிஷம் யாரும் எழுத்தைப் படிக்கக் கூடாது, படத்தை மட்டும் பாருங்க" என்றார். எழுத்தைப் படிக்கக் கூடாது என்று ஒருவர் சொல்லி என் மகள் கேட்டது அதுதான் முதல் தடவை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த கையை விட்டாள்.

அன்றைய பக்கம், மர்ஜானே சத்ரபி ஈரானில் கழிந்த தன் சிறுவயதைப் படக்கதையாக வரைந்த 'பெர்சபோலிஸ்' தொடங்கும் இடம். ஈரானில் புரட்சி நடந்த மறு ஆண்டு, 1980. பள்ளிக்கூடத்தில் பத்து வயதுப் பெண்பிள்ளைகள் எல்லோரும் முக்காடு போட்டாக வேண்டும். முதல் கட்டத்தில் மர்ஜி, அதாவது சின்ன வயது சத்ரபி, தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அடுத்தது வகுப்புப் படம், நான்கு பிள்ளைகள் வரிசையாக. இரண்டு நிமிடம் முடிந்ததும் ஒவ்வொருவராகப் பேசினீர்கள். கறுப்பு எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்று ஒருவர். எல்லா முகமும் ஒரே மாதிரி இருக்கிறது என்று ஒருவர். என் மகள் என் காதில் ஏதோ சொன்னாள். அக்கா கவனித்துவிட்டு, "சத்தமா சொல்லும்மா" என்றார்.

"அந்தப் பொண்ணு ரெண்டாவது படத்துல இல்ல. கட்டம் அவளை வெட்டிடுச்சு."

எல்லோரும் குனிந்து பார்த்தீர்கள். பிறகு அக்கா எழுத்தை வாசித்தார். நான் இடது ஓரத்தில் உட்கார்ந்திருப்பதால் படத்தில் தெரியமாட்டேன் என்று மர்ஜியே அங்கே சொல்கிறாள். உங்களில் ஒருவர்கூட "பரவாயில்லையே, கண்டுபிடிச்சிட்டியே" என்று குழந்தையைப் பாராட்டுகிற தொனியில் பேசவில்லை. பெரியவர்களிடம் கேட்பதுபோல "ஏன் வெட்டியிருப்பாங்க?" என்று கேட்டீர்கள். அவள் யோசித்து, "வகுப்புல அவளைக் கணக்குல சேர்த்துக்கல போல" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவள் யாரைப் பற்றிச் சொல்கிறாள் என்று எனக்குத்தானே தெரியும்.

திரும்பும் பஸ்ஸில் அந்த ஜெராக்ஸை மடியில் வைத்துக்கொண்டு, தவளக்குப்பம் வருவதற்குள் வசனம் எழுதியிருக்கும் பலூன்களை ஒவ்வொன்றாகத் தானே படித்துவிட்டாள். ஒரு பலூனில் நாலைந்து சொல், பிறகு ஒரு படம், மறுபடி நாலைந்து சொல். வரி தாவ இடமே இல்லை. தடுக்கினால் படம் கைகொடுக்கிறது. பிறகு அந்தப் புத்தகத்தின் தமிழாக்கத்தையே வாங்கினோம், விடியல் பதிப்பகம் போட்டது. முழுவதும் படித்து முடிக்க அவளுக்கு இரண்டு மாதம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

முத்தியால்பேட்டை ஐயாவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. வியட்நாம் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் நடத்திய இந்தோசீனப் போரைப் பற்றிய ஒரு பிரெஞ்சு கிராபிக் நாவலை, அதாவது நாவல் மாதிரி நீளமான படக்கதையை, கொண்டுவந்து, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், பலூன் பலூனாக விரல் வைத்து, எங்களுக்குத் தமிழில் சொன்னார். அவருடைய அப்பா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர், ஐயா பிறந்ததே சைகோனில். 1954-ல் பிரெஞ்சுப் படையின் முகாமான தியென் பியென் பூ விழுந்த பிறகு கப்பலேறிப் புதுச்சேரி வந்த குடும்பம். ஒரு பக்கத்தில் வசனமே இல்லாமல் மழையும் சேறும் மட்டும் வரைந்திருந்தது. அங்கே விரலை வைத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கப்பா இதப் பத்தி ஒரு நாளும் வாயத் தொறந்ததில்ல. இந்தப் பக்கம் மாதிரிதான் இருப்பாரு" என்றார். என் மகள் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே இருக்கும் வெள்ளை இடைவெளியில்தான் பாதிக் கதை நடக்கிறது, அதை நாமேதான் நிரப்ப வேண்டும் என்று அக்கா அடிக்கடி சொல்வார். அன்றைக்கு எனக்கே புரிந்தது.

நெல்லிக்குப்பத்துத் தம்பிக்கும் ஒரு வார்த்தை. இரும்புக்கை மாயாவியைக் கிராபிக் நாவல் குழுவில் பேசலாமா கூடாதா என்று நீங்களும் அக்காவும் போட்ட சண்டை கன்னித்தீவு மாதிரி மாதக்கணக்கில் ஓடியது. நான் உங்கள் கட்சிதான் தம்பி. 1962-ல் பிரிட்டனில் ஒரு வார இதழில் வந்த கதை, 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகச் சிவகாசியில் அச்சாகி, உங்கள் தாத்தாவையும் அப்பாவையும் உங்களையும் படிக்க வைத்திருக்கிறது. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரிவதை வரைவதற்கு எவ்வளவு யோசனை வேண்டும்! அக்கா மன்னிக்க வேண்டும்.

அப்புறம் வெள்ளம்.

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. எங்களுக்கு வினை அதற்கடுத்து, தென்பெண்ணையில் வந்த தண்ணீரில். அரிசியையும் சான்றிதழ்களையும் மேலே ஏற்றிய நாங்கள், கட்டிலுக்கு அடியில் இருந்த அவளுடைய அட்டைப்பெட்டியை மறந்துவிட்டோம். அறுபத்து மூன்று புத்தகங்கள். தண்ணீர் வடிந்ததும் அவள் அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. பெட்டியைத் திறக்கவே மாட்டேன் என்றுவிட்டாள்.

மஞ்சக்குப்பம் சாருக்குத்தான் போன் செய்தேன். "வெயில்ல மட்டும் போட்டுடாதீங்க" என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. மறுநாள் நீங்கள் ஐந்து பேர் சேற்றில் இறங்கி வந்து, ஒரு கட்டு வெள்ளைத் தாளோடு எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்தீர்கள். பழைய சாணித்தாள் இதழ்கள் பிழைத்துக்கொண்டன. பக்கங்களுக்கு நடுவே தாள் வைத்து, மின்விசிறிக் காற்றில் காயவைத்து, துருப்பிடித்த பின்னை எடுத்துவிட்டு நூலால் தைத்தோம். இப்போது வரும் வண்ணப் புத்தகங்கள்தான் போய்விட்டன. வழவழப்பான ஆர்ட் பேப்பர் ஈரத்தில் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது படமும் கூடவே வந்துவிடுகிறது. அறுபத்து மூன்றில் நாற்பத்து ஒன்று மிஞ்சின. கடையில் மாத்திரை டப்பாக்களிலிருந்து சேர்த்த சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு மூடி வைத்தோம். உங்கள் வீட்டு அலமாரிகளுக்கும் வேண்டுமானால் சொல்லுங்கள், என்னால் முடிந்த கைம்மாறு அதுதான். கடற்கரை ஊரில் காகிதத்துக்கு ஈரக்காற்று வருடம் முழுக்கப் பகை.

நீங்கள் போன பிறகு கதவோரம் ஒரு துணிப்பை இருந்தது. உள்ளே பதினொரு புத்தகங்கள், எதிலும் பெயர் எழுதியிருக்கவில்லை. யார் வைத்தது என்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. அதில் ஒன்று முத்து காமிக்ஸின் ரொம்பப் பழைய இதழ், அட்டைக்கு நியூஸ் பேப்பர் உறை போட்டு, பின்னுக்குப் பதில் வெள்ளை நூலில் தைத்தது. அவ்வளவு பத்திரமாக வைத்திருந்ததைக் கொடுக்க மனசு வர எத்தனை நாள் யோசித்திருப்பீர்கள்! அதை அவள் படித்துவிட்டாள். திருப்பித் தரத்தான் விரும்புகிறாள், தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு சேதி. அந்த வெள்ளத்தை அவள் எட்டுப் பக்கக் காமிக்ஸாக வரைந்திருக்கிறாள். பலூன் எழுத்தெல்லாம் அவளே எழுதியது, இரண்டு இடத்தில் 'ற'வும் 'ர'வும் மாறியிருக்கும், நான் திருத்தவில்லை. ஆறாம் பக்கத்தில் ஐந்து பேர் தரையில் உட்கார்ந்து தாள் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். முகங்களைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். வருகிற இரண்டாம் ஞாயிறு அதைத்தான் பேச வேண்டுமாம், முதல் இரண்டு நிமிடம் யாரும் எழுத்தைப் படிக்கக் கூடாதாம். பன்னிரண்டு ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறோம். கூரியர் தம்பியும் வருகிறார், சண்டே மார்க்கெட் அண்ணன் கடையைக் கொஞ்சம் சீக்கிரம் மூடிவிட்டு வருகிறேன் என்றிருக்கிறார். அதற்கு மேல் யாராவது வருவதாக இருந்தால் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், இன்னும் இரண்டு எடுத்து வருகிறேன்.

நன்றியுடன்,
ஆல்பேட்டை மருந்துக்கடைக்காரர்