மாநிலங்களவையின் தமிழ்நாட்டு உறுப்பினர்களுக்கு ஏற்காட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்கள் 18 பேருக்கும் வணக்கம்.

தங்களில் எவரையும் நாங்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆறு இடங்களுக்குத் தேர்தல் வரும்போது 234 பேர் கொண்ட சட்டமன்றத்தில் 34 பேரின் ஆதரவு இருந்தால் ஒருவர் வென்றுவிடலாம். போட்டியே இல்லாமல் முடிந்துவிடும் தேர்தல்களும் உண்டு. ஆயினும் அந்த 234 பேரில் ஒருவர் ஏற்காட்டுத் தொகுதியின் உறுப்பினர் என்பதால், தங்களிடம் கணக்குக் கேட்கும் உரிமை இந்த மலைக்கும் இருக்கிறது என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

சேலம் மாவட்டத்தின் 11 சட்டமன்றத் தொகுதிகளும் சேலம், நாமக்கல், தருமபுரி, கள்ளக்குறிச்சி என்னும் நான்கு மக்களவைத் தொகுதிகளுக்குள் பிரிந்து கிடக்கின்றன. சேலம் நகரத்துக்கு நேர் மேலே இருக்கும் ஏற்காடு, கள்ளக்குறிச்சித் தொகுதியில் சேர்ந்திருக்கிறது. பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதிகள் தமிழ்நாட்டில் இரண்டுதான்: ஏற்காடும் சேந்தமங்கலமும். மக்களவையில் தமிழ்நாட்டுக்கு அப்படி ஒரு தொகுதியும் இல்லை. மாநிலங்களவையிலோ ஒதுக்கீடு என்பதே கிடையாது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 7.94 லட்சம் பழங்குடியினர் வாழ்கிறார்கள். அவர்களில் மிகப் பெரிய பிரிவினர் சேர்வராயன், கல்வராயன், கொல்லி மலைகளில் வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் (கேரளத்து மலையாளிகள் அல்லர்). தொகுதி எல்லை என்று ஒன்று இல்லாத தாங்கள்தான் இவர்களுக்காகக் கேட்க இயல்பாக அமைந்தவர்கள் என்பது என் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் சேலம், தருமபுரி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை என்று பழைய மாவட்டப் பெயர்கள் அடைப்புக்குள் இருக்கின்றன. அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்து இன்று ஈரோடு மாவட்டத்தில் இருக்கும் பர்கூர் மலை அந்த அடைப்புக்குள் வரவில்லை. அதனால் ஏற்காட்டு மலையூர்களான நாகலூரிலோ மாரமங்கலத்திலோ பிறந்த பிள்ளைக்குக் கிடைக்கும் சாதிச் சான்றிதழ், அதே இனத்தில் பர்கூரில் பிறந்த பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. இதைத் திருத்த நாடாளுமன்றம்தான் சட்டம் இயற்ற வேண்டும். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைப் பட்டியலில் சேர்த்த மசோதா 2022 டிசம்பரில் தங்கள் அவையில்தான் நிறைவேறியது. எனவே வழி தெரியாத வேலை என்று இதைச் சொல்லிவிட முடியாது.

இப்படி ஒரு கோரிக்கை வந்தால் அது மூன்று மேசைகளைக் கடக்க வேண்டும் என்பது தங்களுக்குத் தெரிந்ததே. மாநில அரசு பரிந்துரைக்க வேண்டும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தும் இந்தியத் தலைமைப் பதிவாளர் ஒப்ப வேண்டும், அதன் பின் தேசியப் பழங்குடியினர் ஆணையம் ஒப்ப வேண்டும், அப்போதுதான் மசோதா. "இக்கோரிக்கையை அரசு பரிசீலிக்குமா?" என்று பொதுவாகக் கேட்டால், "பரிசீலனையில் உள்ளது" என்ற பொதுவான பதில்தான் கிடைக்கும். கோப்பு இன்று எந்த மேசையில் இருக்கிறது, எந்தத் தேதியில் அங்கே வந்தது, திருப்பி அனுப்பப்பட்டிருந்தால் என்ன குறை சொல்லி அனுப்பப்பட்டது என்று கேட்டால், அமைச்சகம் ஒரு தேதியையாவது சொல்லியாக வேண்டும். அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் குறியிட்ட வினாக்கள் நாளொன்றுக்கு 15 பட்டியலிடப்பட்டாலும், நண்பகல் 12 மணிக்குத் தொடங்கும் ஒரு மணி நேரத்தில் சிலவற்றுக்கே வாய்மொழிப் பதில் வருகிறது என்பதால், அந்தப் பதிலைத் தொடர்ந்து கேட்கக் கிடைக்கும் துணைக் கேள்வியை இத்தகைய கூர்மையோடு வைத்திருப்பதே உறுப்பினரின் திறமை என்று நினைக்கிறேன். கட்சியின் நிலைப்பாட்டுக்காக வெளிநடப்புச் செய்வதை நான் குறை சொல்லவில்லை. அந்த ஒரு மணி நேரம் போனால் மலைக்காரன் கேள்வியும் சேர்ந்து போய்விடுகிறது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

பதில் வந்த பிறகு நடப்பது இதைவிட முக்கியம். "தகவல்கள் திரட்டப்பட்டு வருகின்றன, அவையின் மேசை மீது வைக்கப்படும்" என்று அமைச்சர் சொல்லும் வாக்கியம், கேட்பவருக்குத் தட்டிக் கழிப்பது போலத் தோன்றினாலும், அவை நடைமுறைப்படி அது ஓர் உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் அதை நிறைவேற்ற வேண்டும். தவறினால் காரணம் சொல்லிக் கூடுதல் காலம் கேட்க வேண்டும். இவற்றைக் கண்காணிக்கத்தான் 1972 முதல் மாநிலங்களவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. ஆண்டு முடிவில் யார் எத்தனை கேள்வி கேட்டார் என்று செய்தித்தாள்கள் பட்டியல் போடுகின்றன. அந்த எண்ணிக்கையில் எனக்குப் பெரிய மதிப்பில்லை. ஒரே கேள்வியை மூன்று கூட்டத்தொடர்கள் விடாமல் பின்தொடர்ந்தவரை அந்தப் பட்டியல் கடைசியில் தள்ளிவிடக்கூடும். எங்களுக்கு வேண்டியவர் அவர்தான்.

அமைச்சகங்களின் பணியை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழுக்களையும் சொல்ல வேண்டும். காப்பி வாரியம் வணிக அமைச்சகத்தின் கீழ் வருகிறது. வணிகத் துறை நிலைக்குழுவும், சுற்றுச்சூழல் மற்றும் வனங்களைப் பார்க்கும் நிலைக்குழுவும் மாநிலங்களவைத் தலைவரின் பொறுப்பில் இயங்குபவை. காப்பிக்கும் காட்டுக்கும் நடுவே வாழும் எங்களுக்கு இதைவிடப் பொருத்தமான குழுக்கள் இல்லை. ஒரு சில ஏக்கரில் மிளகுக் கொடிக்கு நடுவே காப்பி வைத்து, பழத்தைப் பறித்து வீட்டு வாசலிலேயே உலர்த்தி, வந்த வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிடும் குடும்பங்களின் நிலை அக்குழுக்களின் அறிக்கையில் ஒரு பத்தியாகவாவது இடம்பெற வேண்டும். கோடை விழாவின் மலர்க் கண்காட்சிக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வரும் பிரமுகர்கள், பழம் பறிக்கும் டிசம்பர் மாதத்தில் ஒருமுறை வந்து பார்த்தால் நல்லது.

சேலம் இரும்பாலையைப் பற்றியும் தாங்கள் கேட்க வேண்டும். பங்கு விற்பனைக்கு 2016-இல் கொள்கை அளவில் ஒப்புதல் தரப்பட்டது. 2019-இல் வாங்க விரும்புவோருக்கு அழைப்பு விடப்பட்டது. ஆலைக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள் ஒவ்வொரு கட்டத்தையும் செய்தித்தாளில் படித்தே அறிந்துகொள்ளும் நிலை மாற வேண்டும்.

தனி ஒருவரால் அந்த அவையில் என்ன செய்ய முடியும் என்ற ஐயம் வேண்டாம். தமிழ்நாட்டு உறுப்பினர் திரு. திருச்சி சிவா, அமைச்சராக இல்லாமலே கொண்டுவந்த திருநர் உரிமைகள் தனிநபர் மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியது. அது அப்படியே சட்டமாகவில்லை என்பது உண்மை. ஆனால் அரசு பின்னர் தானே ஒரு மசோதாவோடு வர வேண்டியதாயிற்று.

தொகுதி மேம்பாட்டு நிதியைப் பற்றி ஒன்றே ஒன்று. ஆண்டுக்கு 5 கோடி ரூபாயைத் தாங்கள் மாநிலத்தின் எந்த மாவட்டத்திலும் பரிந்துரைக்கலாம், அதில் 7.5 விழுக்காடு பழங்குடியினர் பகுதிகளுக்கு என்று வழிகாட்டு நெறிமுறை சொல்கிறது. அந்தப் பங்கு எந்த மலைக்குப் போயிற்று என்பதை ஊர்ப் பெயரோடு தமிழில் வெளியிடுங்கள்.

அடுத்த கூட்டத்தொடருக்கான வினா அறிவிப்பைப் பதினைந்து நாட்களுக்கு முன்பே கொடுக்க வேண்டும். பர்கூர் மலையாளி மக்களின் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கேள்வியைத் தங்களில் ஒருவராவது அதில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஏற்காட்டு வாக்காளர் ஒருவர்