பாட்டிலின் அடியை வெட்டாதே

அன்புள்ள மூர்த்தி,

பதில் போடாமல் இழுத்தடித்ததற்குத் திட்டிக்கொள், வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். அது இருக்கட்டும், நீ ஊரில் இல்லாதபோது தொட்டிச் செடிக்குத் தானாகத் தண்ணீர் இறங்க, தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி மண்ணில் கவிழ்த்துச் செருகலாமா என்று கேட்டிருந்தாயே, அப்படி வெட்டச் சொன்னது யாரடா, நம்ம கணேசனா? அவன் யோசனைப்படி செய்து எதுதான் உருப்பட்டிருக்கிறது!

அடியை வெட்டிக் கவிழ்த்தால் அது வெறும் புனல். மேலிருந்து காற்று தாராளமாக வரும். ஒரு லிட்டரும் சீக்கிரமே இறங்கி வேரை மூழ்கடித்துவிடும். வெட்டாமல் கவிழ்த்தால், மண் வழியாகக் காற்று உள்ளே நுழைந்தால்தான் தண்ணீர் வெளியே வரும். சுற்றிலும் மண் ஈரமாக இருக்கும்வரை ஒழுக்கு அடங்கியிருக்கும். காய்ந்ததும் ஒரு குமிழி உள்ளே ஏறும், கொஞ்சம் தண்ணீர் இறங்கும்.

மூடியில் சூடான ஊசியால் இரண்டு துளை போதும். மண் அடைக்காமலிருக்க, பழைய பனியன் துணியை மூடிமேல் சுற்றிக் கட்டு. முதலில் தொட்டியை முழுக்க நனை. காய்ந்த மண்ணில் செருகினால் பாட்டிலைக் காலி செய்துவிட்டுத்தான் ஓயும். கழுத்தை நான்கு விரல் ஆழம் புதைத்து, சுற்றிலும் மண்ணை அழுத்திவிடு. பாட்டில்மேல் வெயில் விழவே கூடாது. உள்ளிருக்கும் காற்று சூடேறி விரிந்து தண்ணீரைத் தள்ளும், பாசியும் பிடிக்கும். செய்தித்தாளைச் சுற்றிவிடு.

பெரிய தொட்டிக்கு இது பத்தாது. பக்கெட்டிலிருந்து திரி போடு. பருத்தி மண்ணில் மக்கிவிடும். பாலியஸ்டர் கலந்த பழைய டிஷர்ட்டை விரலகல நாடாவாகக் கிழித்து, நனைத்துவிட்டு, ஒரு முனையை மண்ணில் புதை, மறுமுனையைப் பக்கெட் தண்ணீரில் விடு. பக்கெட்டின் நீர்மட்டம் தொட்டியைவிட உயரமாக இருந்தால் தண்ணீர் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருக்கும். பக்கெட்டைத் தாழ வை.

மற்ற தோட்ட வேலைக்கும் வீட்டுப் பழைய சாமான்களே போதும்: நாற்றைப் பெயர்க்க முள்கரண்டி, மண் அள்ள சாய்வாக வெட்டிய எண்ணெய் கேன், மாவுப்பூச்சியைத் தேய்த்தெடுக்க பல் தேய்த்துத் தேய்ந்த பிரஷ். இதெல்லாம் உனக்கே தெரியும், பெரிய வித்தை இல்லை.

ஒன்று மட்டும் விளையாட்டில்லை. பூச்சிமருந்து டப்பா, ஆசிட் கேன், இரண்டையும் எத்தனை முறை கழுவினாலும் தோட்டத்துக்கு எடுக்காதே. பூச்சிக்குத் தெளிக்கிற சோப்புக் கரைசலைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கமும் வேண்டாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வெளியூர் கிளம்ப ஒரு வாரம் முன்பே பாட்டிலைச் செருகி, நீர்மட்டத்தில் தினமும் பேனாவால் கோடு போடு. நான்கு கோட்டுக்குள் காலியானால் துளை ஒன்று போதும் என்று அர்த்தம். எத்தனை கோடு வந்ததென்று எழுது.

உன்,
சேகர்